கிராணியின் கை

மலேசியாவின் ஈப்போ நகர வழக்கறிஞர் அலுவலகங்களில் நிலமாற்றக் கோப்பு பெரும்பாலும் கிராணியின் (எழுத்தரின்) கைவேலை. கையொப்பமும் பொறுப்பும் வழக்கறிஞருடையவை. பாரம் (படிவம்) பிசகின்றி நில அலுவலகம் போய்ச் சேர்வது கிராணியின் கண்ணைப் பொறுத்தது.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, நிலம் கைமாற 14ஏ பாரம் வேண்டும். தேர்ந்த கிராணி கிராண்டையும் (நில உரிமைப் பத்திரத்தையும்) அடையாள அட்டையையும் பக்கத்தில் விரித்து, பெயர், எண், லாட் (நிலத் துண்டு), முக்கிம் (நிர்வாகப் பிரிவு) என ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிடுவார். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பத்திரங்களில் பெயரே அடிக்கடி இடறும். அந்தப் பத்திரங்கள் எழுதப்பட்டது, தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் பதிந்த காலத்தில். கிராண்டில் ஒரு முனியாண்டி, அட்டையில் வேறு எழுத்தில் இன்னொரு முனியாண்டி. இருவரும் ஒருவரே என்று 1960ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் சத்தியப் பிரமாணம் தயாராகும். சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமாகும்.

இந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. சமர்ப்பித்த வரிசையே பதிவில் முன்னுரிமை தரும். பாரம் திருப்பி அனுப்பப்பட்டால் அந்த இடமும் போய்விடும்.

ஒரே மேசையில் கட்சிக்காரரிடம் தமிழ், பாரத்தில் மலாய், வழக்கறிஞரிடம் ஆங்கிலம் என மும்மொழி புழங்கும். ஒன்பது மாதப் பயிற்சிக்கு வரும் இளம் வழக்கறிஞர் சட்டத்தை மூத்த வழக்கறிஞரிடம் பயில்கிறார். முத்திரை வரி, சமர்ப்பிப்பு, பின்தொடர்தல் ஆகிய நடைமுறைகளைக் கற்றுத் தருபவர் பெரும்பாலும் கிராணியே. நல்ல அலுவலகங்கள் அவரது சொல்லுக்கு மதிப்பளிக்கின்றன.