விரைந்து காண்பது அறிவாகுமா?

தோக்கியோப் பல்கலைக் கழகப் பேராசிரியர் மாசாத்தோஷி இஷிகாவாவின் ஆய்வுக்கூடத்தார் 2012-ஆம் ஆண்டில் ஓர் இயந்திரக் கையை அமைத்துக் காட்டினர். ‘கல், தாள், கத்தரி’ விளையாட்டில் அது மனிதரை நூற்றுக்கு நூறு வென்றது. கண்டோர் வியந்தனர்.

ஆயினும், வெற்றி எவ்வாறு வந்தது என்பதை நோக்குதல் வேண்டும். எதிரியின் விரல்கள் கொள்ளும் வடிவத்தைக் கருவிக்கண் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் கண்டுகொள்கிறது. அதன்பின்னரே இயந்திரக் கை தன் வடிவத்தைக் காட்டுகிறது. அத்தாமதம் நம் கண்ணுக்குப் புலப்படாது. இருவரும் ஒருங்கே காட்டுவதன்றோ ஆட்டவிதி? அயலான் விடையைப் பார்த்து எழுதிய மாணவனுக்கு நாம் மதிப்பெண் வழங்குவதில்லை. ஆகவே இதனை அறிவின் வெற்றி என்பது பொருந்தாது. விரைவின் வெற்றி என்பதே தகும்.

அவ்விரைவை இழித்துரைப்பது நம் கருத்தன்று. அதே ஆய்வுக்கூடத்தார் அதே ஆண்டில் நூல்களைப் படமெடுக்கும் கருவியொன்றையும் காட்டினர். அது நிமிடத்திற்கு 250 பக்கங்களைப் பதிவு செய்தது. நூலின் கட்டை அறுக்க வேண்டுவதில்லை. புரளும் தாளின் வளைவை அளந்து, கோணிய எழுத்துகளை நேராக்கித் தருகிறது. இங்கே விரைவு யாரையும் ஏய்க்கவில்லை, நூலைக் காக்கிறது.

மாணவர்க்கு இவற்றை எடுத்துரைக்கும் ஆசிரியர், முன்னதை வேடிக்கையென்றும் பின்னதைப் பயனென்றும் பிரித்துக் காட்டுவாராக. கருவி காண்கிறது, கண்டதை ஓர்ந்து கற்பது நம் கடமை.