பெயரும் பட்டமும்

இங்கிலீஷில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று 'நேம்', இன்னொன்று 'டைட்டில்'. பள்ளிக்கூடத்தில் முதலாவதற்குப் 'பெயர்' என்றும் இரண்டாவதற்குப் 'பட்டம்' என்றும் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். மார்க்கு வாங்க அது போதும். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது அகராதியைப் பார்த்தால் தெரியாது. ஊருக்குள் போய், யாரை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும்.

பெயரை அப்பன் ஆத்தா வைக்கிறார்கள். அதற்குக் காசு பணம் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம் (அதற்கும் அனுமதி வேண்டியிருந்த காலம் உண்டு, அது வேறு கதை). பட்டம் அப்படியல்ல. அதை மேலேயிருந்து ஒருவர் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதை ஒத்துக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும். பெயர் ஆளைக் காட்டுகிறது. பட்டமோ அந்த ஆளுக்கு முன்னால் மற்றவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்று காட்டுகிறது. தமிழில் 'பட்டப்பெயர்' என்ற ஒரே சொல் அரசன் கொடுத்த விருதையும் குறிக்கும், தெருவில் கேலியாக வைத்த பெயரையும் குறிக்கும். யாருக்கு எது கிடைத்தது என்பதுதான் நம்முடைய வரலாறு.

இதைப் பேசுவதற்குப் புதுக்கோட்டையை விடத் தோதான சீமை கிடையாது. 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு சேரும் வரைக்கும் தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்த பூமி. பிறகு திருச்சி மாவட்டத்தோடு கிடந்து, 1974 ஜனவரியில் தனி மாவட்டமானது. இந்தச் சமஸ்தானமே பட்டங்களால் கட்டப்பட்டது என்று சொல்லலாம். நிக்கோலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட 'தி ஹாலோ கிரவுன்' இந்தப் புதுக்கோட்டையைப் பற்றிய புத்தகம்தான். அரசன் நிலம் கொடுத்தான், விருது கொடுத்தான், பட்டம் கொடுத்தான். அந்தக் கொடைகளின் வழியாகத்தான் அதிகாரமும் சாதி வரிசையும் உருவாகி நிலைத்தன என்பது அவர் வாதம். சாதி வெறும் தீட்டு சமாச்சாரம் அல்ல, அது அரசியல் சமாச்சாரம் என்று அவர் சொன்னது நமக்கு உபயோகமான விஷயம். ஆனால் வாங்கியவர்களின் பக்கம் நின்று பார்க்கும்போது இந்தக் கதை ஒரு மாதிரி தெரிகிறது, எதுவும் வாங்காதவர்களின் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. சேர்வை, அம்பலம் என்று பட்டங்கள் விழுந்த இடத்தில், வெட்டி வேலைக்கும் தலையாரி வேலைக்கும் நின்றவனுக்கு என்ன விழுந்தது? அவனுக்கும் மானியம் என்று ஒரு துண்டு நிலம் இருந்திருக்கலாம். பட்டம் இல்லை. செய்கிற வேலையே அவனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அரசர் தன்னை எப்படி அழைத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். திருக்கோகர்ணத்து அம்மன் பிரகதாம்பாள். அதனால் அரசருடைய பட்டம் 'பிரகதாம்பாதாஸ்'. அம்மனின் அடிமை. சமஸ்தானத்து அம்மன் காசிலும் அந்த அம்மன்தான். 'அடிமை' என்ற சொல் ஓர் அரசருக்கு அலங்காரமாக இருக்கிறது பாருங்கள். யாருக்கும் அடிமையாக இல்லாதவர் தன்னை அடிமை என்று சொல்லிக்கொண்டால் அது பட்டம். வயலில் நிற்கிறவனை அதே சொல்லால் சொன்னால் அது நிலைமை.

சோழர் காலத்துக் கல்வெட்டிலும் இதே கதைதான். கரஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் சேர்ந்து 1978இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஓர் அடைவு கொண்டுவந்தார்கள். கல்வெட்டில் ஓர் ஆளின் பெயர் நீளமாக வரும். ஊர், தகப்பன் பெயர், சொந்தப் பெயர், கடைசியில் மூவேந்தவேளான், பல்லவரையன் என்று ஒரு பட்டம். அந்தப் பட்டத்தை வைத்தே அந்த ஆள் அதிகாரியா, நிலக்காரனா என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அதே காலத்தில், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், 'பறைச்சேரி' வருகிறது, 'தீண்டாச்சேரி' வருகிறது. அங்கே குடியிருந்தவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் இருந்திருக்காதா? இருந்தது. கல்லுக்கு அது தேவைப்படவில்லை.

இனிக் கூப்பிடுவதற்கு வருவோம். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் நாயக்கர் வீடுகளில் வேலை செய்யும் பாட்டியைப் பற்றிய பகுதியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நேற்றுப் பிறந்த பிள்ளை பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடும். பாட்டி அந்தப் பொடியனை 'அய்யா' என்பாள். அந்தப் புத்தகம் 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் இங்கிலீஷுக்குப் போனது. இங்கிலீஷ் வாசகனுக்கு இந்த இடம் எப்படிப் போய்ச் சேரும் என்று யோசிக்கிறேன். அவன் ஊரில் ஆபீஸ் மேனேஜரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவது நட்பு, நெருக்கம். நம்ம ஊரில் பேர் சொல்லிக் கூப்பிடுவது நெருக்கமும் ஆகலாம், செருப்படியும் ஆகலாம். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஒரு பக்கத்துக்குப் பேர் மட்டும், இன்னொரு பக்கத்துக்குப் பட்டம் மட்டும் என்று சொல் பிரிந்து நிற்கும்போது, நடுவில் இருப்பது சாதி.

இது நம்ம ஊருக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1963இல் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் சாட்சிக் கூண்டில் நின்றார். சிவில் உரிமைப் போராட்டக்காரர். அரசு வக்கீல் அவரை 'மேரி' என்று கூப்பிட்டார். வெள்ளைக்காரச் சாட்சிகளுக்கு 'மிஸ்', 'மிஸ்டர்' உண்டு. கறுப்பர்களுக்கு வெறும் பெயர்தான். 'மிஸ் ஹாமில்டன்' என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் ஜெயிலும் ஐம்பது டாலர் அபராதமும் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964இல் அந்தத் தண்டனை ரத்தானது. நேமுக்கும் டைட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து நாள் ஜெயில். எந்த அகராதியிலும் இந்த அர்த்தம் போடவில்லை.

நம்முடைய சட்டம் எங்கே நிற்கிறது? 1989இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது தனிக் குற்றமாக இருக்கிறது. நல்லது. பெயரை ஆயுதமாக வீசினால் குற்றம். ஆனால் அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பையன் 'ஏலே, இங்க வாடா' என்று வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானே, அதில் சாதிப் பெயரே இல்லை. கொடுத்த வார்த்தைக்குத்தான் வழக்கு. கொடுக்காத மரியாதைக்கு எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது?

ஒரே ஒரு எழுத்தில் இது இருக்கிறது. 'ன்' என்ற எழுத்து, 'ர்' என்ற எழுத்து. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பட்டியல் போட்டார். அதில் கள்ளன், மறவன், சாணான், பள்ளன், பறையன் என்று இந்தச் சாதிகள் எல்லாவற்றுக்கும் 'ன்'தான் தலைப்பு. வெள்ளைக்காரனுக்கு எல்லாரும் ஒன்று. பிறகு நடந்ததைப் பாருங்கள். 1921இல் சென்னை அரசு சாணார் என்பதற்குப் பதிலாக நாடார் என்று ஏற்றுக்கொண்டது. இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் 'ர்'. கந்தர்வகோட்டைக் கள்ளர்கள் என்று 'கள்'ளும் சேர்த்துச் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பட்டியலைத் திருப்பினால் அருந்ததியர், சாம்பவர் போல ஒன்றிரண்டு தவிர, பறையன், சக்கிலியன், வள்ளுவன் என்று தர்ஸ்டன் வைத்த இடத்திலேயே நிற்கிறது. சர்ட்டிபிகேட்டில் அரசாங்கமே நம்மை 'டேய்' என்று கூப்பிடுகிறது. 2025இல்தான் தமிழ்நாடு முதலமைச்சர் இந்த 'ன்'னை 'ர்' ஆக்கச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒரு எழுத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல்.

இந்த இடத்தில் சுயமரியாதை இயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரோடு போட்டுக்கொள்வதை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. நாயக்கர், நாடார், முதலியார் என்ற வால்கள் விழுந்தன. இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விடுவதற்கு ஏதாவது கையில் இருந்தால்தானே விட முடியும்? பட்டத்தை வெட்டியவர்களுக்கு ஒரு தியாகம் கணக்கில் ஏறியது. பட்டமே இல்லாதவனுக்கு அந்தத் தீர்மானத்தில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது எதிர்த் திசையில் ஒன்று. பேருக்குப் பின்னால் ஒரு 'அய்யா', ஒரு 'ங்க'. புதுக்கோட்டைப் பக்கத்தில் கருப்பையா, சின்னையா என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். பட்டத்தைப் பெயருக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டால், கூப்பிடுகிறவன் வேண்டாம் என்றாலும் வாயில் 'அய்யா' வந்துதானே ஆகணும். (அதையும் 'கருப்பா' என்று ஒடித்துக் கூப்பிடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு.)

நம்முடைய முன்னோர்கள் இதில் ஒரே கருத்தோடு இல்லை. ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசவாகப் போட்ட சொல்லை எடுத்துத் தன் கொடியாகப் பிடித்தார். அயோத்திதாசருக்கு இது ஆகவில்லை. அந்தப் பெயரே எதிரிகள் வைத்தது, அதைச் சுமக்கக் கூடாது, நாம் பூர்வ பௌத்தர், ஆதித் தமிழர் என்றார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பெயரிலேயே அந்த வாதம் இருக்கிறது. ஒருவர் பெயரை வைத்துக்கொண்டு அதன் அர்த்தத்தை மாற்றப் பார்த்தார், இன்னொருவர் பெயரையே மாற்றி மறந்துபோன பட்டத்தைத் திரும்ப வாங்கப் பார்த்தார். எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தால் 1922இல் 'ஆதிதிராவிடர்' அரசாணை ஆனது. பஞ்சமர், பறையர் என்ற சொற்கள் கோப்பிலிருந்து போயின. ஊர் வாயிலிருந்து போகவில்லை. என்னைக் கேட்டால் சீனிவாசன் வழிக்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும் என்பேன். அயோத்திதாசர் வழிக்கு ஆவணம் அதிகம் வேண்டும். அவர் அதை உட்கார்ந்து தேடிச் சேர்த்தார்.

2021இல் பாராளுமன்றம் ஏழு சாதிப் பெயர்களைச் சேர்த்துத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்று ஒரே பெயராக்கியது. இது பெயரா, பட்டமா? 'வேளாளர்' என்ற சொல்லின் மேல் உரிமை கொண்டாடி வேறு சிலர் எதிர்த்தார்கள் என்பதே பதில். வெறும் பெயருக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். 1997லேயே இதைப் பார்த்துவிட்டோம். கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம், சாவு. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் எடுத்துவிட்டது. அதுவரைக்கும் எத்தனையோ பேருடைய பெயரில் பஸ் ஓடியது, யாருக்கும் சமத்துவம் ஞாபகம் வரவில்லை. எங்களில் ஒருவர் பெயர் ஏறிய பிறகுதான் யாருக்கும் பெயர் வேண்டாம் என்ற ஞானம் பிறந்தது.

அரசியல் சட்டத்தில் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அடுத்த வீடு 18. அது பட்டங்களை ஒழிக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது பொருத்தம்தான். ஆனால் 18 சொல்வது, படை, கல்வி சார்ந்தவை தவிர வேறு பட்டங்களை அரசு கொடுக்கக் கூடாது என்று. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. பிறப்பாலேயே பெயருக்குப் பின்னால் வந்து உட்காருகிற பட்டத்தைப் பற்றி 18ஆவது பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.

'டைட்டில்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு, அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. நிலத்தின் மேலுள்ள உரிமைக்கும் அவர்கள் அதையேதான் சொல்கிறார்கள். மரியாதையும் மண்ணும் ஒரே சொல். நம்மிடம் அது பட்டம், பட்டா என்று இரண்டாகக் கிடந்தாலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். பட்டம் இருந்தவனிடம் பட்டாவும் இருந்தது, தற்செயலாக அல்ல. 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கச் சொல்லி ஆணை போட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. அந்த ஆணை செல்லுபடியாகும் எல்லைக்குள் புதுக்கோட்டை இல்லை. இங்கே தர்பார் ஆட்சி. 1950இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, இணைந்துபோன சமஸ்தானத்துக்கும் சேர்த்தே வந்தது. அப்படியாக 'ன்' போட்ட பெயர் எங்களுக்கு முழுசாகக் கிடைத்தது. மாகாணத்துக்காரன் கையில் காகிதத்திலாவது இருந்த நிலத்துக்கு நாங்கள் தாலுகா ஆபீஸில் எந்த வருஷத்து ஆணையைக் காட்டுவது?