செதுக்கிய சிரட்டையும் பட்டியல் மொழியும்

பழம்பொருள் ஏலப் பட்டியல்களில் செதுக்குவேலை அமைந்த தேங்காய்ச் சிரட்டைகள் ‘விந்தைப் பொருள்கள்’ என்னும் தலைப்பின்கீழ் இடம்பெறுவது வழக்கமாகும். கிண்ணம், வெடிமருந்துக் குடுவை, இரவலர் கலம் எனப் பயன் வேறுபடினும் அத்தலைப்பு அவற்றை ஓரினமாக்கி விடுகின்றது. பொருளைக் காட்டிலும் அதனை விவரிக்கும் மொழியே இங்கு ஆய்வுக்குரியது.

15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியச் செல்வர் சிரட்டைக்கு வெள்ளிப் பூணும் தாளும் பொருத்திக் கிண்ணமாக்கினர். அது நஞ்சினை முறிக்கும் என்னும் நம்பிக்கையும் இருந்தது. காய் கீழ்த்திசையினதாயினும், விவிலியக் காட்சிகள் கொண்ட செதுக்குவேலை பெரும்பாலும் ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் நிகழ்ந்ததே. வெள்ளியில் பொறித்த முத்திரையால் பொற்கொல்லரின் ஊரும் காலமும், சிலபோது பெயரும் புலப்படுகின்றன. சிரட்டையில் முத்திரை இல்லை. எனவே ‘செதுக்கப்பட்ட தேங்காய்; வெள்ளிப் பூண் இன்னாருடையது’ என்னும் பாங்கில் விவரிப்பு அமைகின்றது. செயப்பாட்டுப் பெயரெச்சம் எழுவாயை விழுங்கிவிடுகின்றது. செதுக்கியவரை அறிய இயலவில்லை என்று கூறுவது வேறு. அப்படி ஒருவர் இருந்ததே தோன்றாதவாறு எழுதுவது வேறு. பட்டியலார் செய்வது இரண்டாவது.

முகம் செதுக்கிய குடுவைகளை ஆங்கில வணிகர் ‘பக்பேர்’ என்பர். குழந்தைகளை அச்சுறுத்தும் பூச்சாண்டியைக் குறிக்கும் சொல் இது. போர்த்துக்கேயத்தில் ‘கோகோ’ என்பதற்கும் பூச்சாண்டி என்னும் பொருள் உண்டு. காயின் மூன்று கண்கள் விலங்கின் முகம்போல் தோன்றியமையால் அப்பெயர் வந்ததென 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா த ஓர்த்தா விளக்குகின்றார். இருவேறு காலத்தவர் ஒரே கற்பனையை எட்டியிருப்பது சுவையானதே. ஆயினும் இக்குடுவைகளைச் சான்றின்றி ‘மாலுமியின் கைவேலை’, ‘பிரெஞ்சுக் கைதியின் கைவேலை’ எனக் குறிப்பது ஏற்கத்தக்கதன்று. அது செய்தவரைப் பற்றிய செய்தி அன்று, விலையேற்றும் அடைமொழி.

கயிறு, கொப்பரை ஆகிய சொற்கள் மலையாளக் கரையினின்று போர்த்துக்கேயர் வழியே ஆங்கிலத்தில் ‘காயர்’, ‘காப்ரா’ என நிலைத்தன. வணிகச் சரக்கு தன் சொல்லுடன் சென்றது. தமிழில் சிரட்டை, கொட்டாங்கச்சி எனவும், கன்னடத்தில் ‘கரட’ எனவும் தனிப்பெயர் பெற்ற ஓட்டிற்கு ஆங்கிலம் ‘காயின் ஓடு’ என்னும் தொடரையே வைத்துக்கொண்டது. காம்பு செருகி அகப்பையாக்கிய சிரட்டை அடுக்களைப் பொருள். அது விந்தைப்பொருள் வரிசையில் எளிதில் இடம்பெறுவதில்லை.

மாறாக, பாரசீகத் துறவியரின் ‘கஷ்கூல்’ தன் பெயருடனேயே அருங்காட்சியகம் புகுந்தது. அதன் ஓடு தென்னையினதன்று. செஷல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காயினது. இதனைப் பற்றிய குறிப்புகள் ஏந்தியவர் யார், எதற்காக ஏந்தினார், விளிம்பில் பொறித்த வரிகள் எவை என விரிகின்றன. சிரட்டைக் கிண்ணத்திற்கு இக்கேள்விகளை எழுப்பும் பட்டியல்கள் மிகச் சிலவே.