அஞ்சப்படுபவரும் அஞ்சுபவரும்: நிகழ்பட விளையாட்டுகளில் மனநோய்ச் சித்திரிப்பு

முன்னுரை

காப்பியம், நாடகம், புதினம், திரைப்படம் ஆகிய வடிவங்களில் மனநோய் சித்திரிக்கப்படும் முறை குறித்துத் திறனாய்வாளர்கள் நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். வீடியோ கேம் எனப்படும் நிகழ்பட விளையாட்டை அவ்வாறு ஆராயத்தக்க ஒரு பனுவலாகக் கொள்வதில் தமிழாய்வாளரிடையே இன்னும் தயக்கம் உள்ளது. ஆயினும், இன்று வகுப்பறைக்கு வரும் மாணவர் பலர் கதைமாந்தரோடு நெருங்கிப் பழகும் முதல் அனுபவத்தை இவ்விளையாட்டுகளின்வழியே பெறுகின்றனர். அவர்களுள் மனநலச் சிக்கலுக்கு ஆளானவர்களும் இருப்பர். அதனைப் பெற்றோரிடமும் சொல்லத் தயங்குவோரும் இருப்பர். தம்மைப் போன்ற ஒருவர் திரையில் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதை அவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கின்றனர். எனவே இப்பொருள் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று.

மனநோயை உண்மைக்கு நெருக்கமாகவும் மதிப்புடனும் சித்திரித்தல் என்பது விளையாட்டு என்னும் வடிவத்தில் எதனைச் சார்ந்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 2002 முதல் 2018 வரை வெளிவந்த நான்கு விளையாட்டுகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஆய்வின் அடிப்படை

உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் புலப்படுவதையும், அதனைக் காண்போர் உணர்வதையும் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று வகுத்துரைக்கிறது. இக்கோட்பாட்டில் உணர்பவர் ஒருவர்; அவ்வுணர்வைப் புறத்தே நின்று காண்பவர் மற்றொருவர். நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் இவ்விடைவெளி பொருந்தும். பித்துற்ற மாந்தரைக் கண்டு பார்வையாளர் அஞ்சலாம், இரங்கலாம், நகைக்கலாம். எதனைச் செய்யினும் அவர் தம் இருக்கையிலேயே இருக்கிறார்.

நிகழ்பட விளையாட்டில் இவ்விடைவெளி சுருங்குகிறது. விளையாடுபவர் கதைமாந்தரின் கையையும் காலையும் இயக்குகிறார்; அவருக்காக முடிவெடுக்கிறார்; அவர் வீழும்போது தாமே தோற்கிறார். ஆகவே இங்குக் கதை என்ன சொல்கிறது என்பதோடு, விதிகள் என்ன செய்யச் சொல்கின்றன என்பதையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். கதை நோயாளிக்காக இரங்கும்போதே விதி அவரை அடித்து வீழ்த்தச் சொல்லுமானால், விளையாடுபவரின் கையில் பதிவது விதியே. மனநோயாளியைக் கண்டு அஞ்சுபவரின் இடத்தில் ஒரு விளையாட்டு நம்மை நிறுத்துகிறதா, மனநோயோடு வாழ்பவரின் இடத்தில் நிறுத்துகிறதா என்பதே மதிப்பீட்டின் முதல் வினாவாக அமைதல் வேண்டும்.

அஞ்சப்படும் நோயாளி

கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ரெட் பேரல்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட அவுட்லாஸ்ட், முதல் நிலைக்குத் தக்க சான்றாகும். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு மனநோய் மருத்துவமனைக்குள் இரவில் நுழையும் செய்தியாளரே இதன் முதன்மை மாந்தர். அவரிடம் ஆயுதமில்லை, ஒரு நிகழ்படக் கருவி மட்டுமே உண்டு. எதிர்ப்படும் நோயாளிகளிடமிருந்து ஓடுவதும் ஒளிவதுமே விளையாடுபவர் செய்யக்கூடியவை.

இவ்விளையாட்டின் கதை நோயாளிகளைக் குற்றவாளிகள் என்று கூறவில்லை. அவர்கள்மீது கொடிய சோதனைகளை நடத்திய நிறுவனமே கதையில் குற்றவாளி. தீங்கு செய்யாத நோயாளிகளும் இடையிடையே காணப்படுகின்றனர். ஆனால் விதி வேறொன்றைக் கற்பிக்கிறது. நோயாளியின் உடையில் ஓர் உருவம் இருளில் தெரிந்தவுடன் ஓட வேண்டும் என்பதே விளையாடுபவர் விரைவில் கற்கும் பாடம். அவ்வுருவத்தோடு உரையாட விதியில் வழியில்லை. கதையின் இரக்கம் விதியின் அச்சத்தால் அழிக்கப்படுகிறது.

இவ்வச்சம் விளையாட்டால் தோன்றியதன்று; சமூகத்தில் முன்பே நிலவுவது. அதன் விளைவைத் தமிழகம் நன்கறியும். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் வெளியேற இயலாமல் 28 பேர் இறந்தனர். அந்நிகழ்வுக்கும் எந்த விளையாட்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும், மனநோயாளி என்றாலே விலக்கிவைக்கத்தக்கவர், கட்டிவைக்கத்தக்கவர் என்னும் எண்ணத்தைக் கேளிக்கையாக மீண்டும் மீண்டும் பழக்கும் ஒரு வடிவத்தை எளிதாகக் கடந்து செல்வதற்கில்லை.

அளவையாகும் மனம்

இரண்டாவது போக்கு, மனநலத்தை ஓர் எண்ணாக மாற்றுவதாகும். இதன் வேர் மேசையில் அமர்ந்து ஆடும் கதைவிளையாட்டுகளில் உள்ளது. 1981இல் வெளிவந்த கால் ஆஃப் கதுலு, அச்சந்தரும் காட்சிகளைக் காண்பதால் குறையும் மனநலப் புள்ளிகளை விதியாக அமைத்தது. 2002இல் நின்டென்டோ கேம்கியூப் கருவிக்காக வெளிவந்த எடர்னல் டார்க்னெஸ் இம்முறையை நிகழ்பட விளையாட்டில் விரிவாகக் கையாண்டது. பேயுருக்களின் பார்வையில் படுந்தோறும் திரையில் உள்ள பச்சைநிற அளவைப் பட்டை குறைகிறது. வீழ்த்திய உருவை முற்றாக அழித்தால் ஓரளவு மீள்கிறது. பட்டை மிகக் குறைந்தால் சுவரில் குருதி வழிகிறது, அழுகுரல் கேட்கிறது. சேமித்த பதிவுகள் அழிக்கப்படுவதாகவும் ஒரு பொய்ச் செய்தி தோன்றுகிறது.

திரையையே நம்ப முடியாத நிலைக்கு விளையாடுபவரைத் தள்ளிய இவ்வுத்தி அக்காலத்தில் புதுமையானது. புலனுணர்வு பிறழும்போது எதனை நம்புவது என்னும் திகைப்பைச் சில நொடிகளுக்கேனும் இது அளிக்கிறது. எனினும் மனம் இங்குத் தீர்ந்துபோய் மீண்டும் நிரப்பப்படும் ஒரு சேமிப்பாகவே உள்ளது. எரிபொருள் குறைவதும் மனநலம் குறைவதும் விதியளவில் ஒன்றாகின்றன. நோய்க்கு வரலாறு இல்லை. நோயுற்றவருக்கு உறவுகள் இல்லை. பட்டை நிரம்பியவுடன் நோயும் இல்லை. நீண்டகாலம் மனநோயோடு வாழ்பவர் இதில் தம்மை அடையாளம் காண்பது அரிது.

குரல்களோடு வாழ்தல்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய நிஞ்சா தியரி நிறுவனம் 2017 ஆகஸ்டில் வெளியிட்ட ஹெல்பிளேட்: செனுவாஸ் சேக்ரிஃபைஸ் இவ்விரு போக்கிலிருந்தும் விலகியது. ஏறத்தாழ 20 பேர் கொண்ட குழு இதனை உருவாக்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சர் ஆலோசகராக இருந்தார்; வெல்கம் அறக்கட்டளை நிதியுதவி அளித்தது. சைக்கோசிஸ் எனப்படும் மனப்பிறழ்வை நேரில் அனுபவித்தவர்களிடம் குழுவினர் தொடர்ந்து கருத்துக் கேட்டனர். செனுவாவாக நடித்த மெலினா யூர்கென்ஸ் அப்போது அந்நிறுவனத்தின் நிகழ்படத் தொகுப்பாளராக இருந்தார். 2018ஆம் ஆண்டின் பாஃப்டா விருதுகளில் நடிப்பு, ஒலியமைப்பு உள்ளிட்ட ஐந்து விருதுகளை இது பெற்றது.

செனுவா பண்டைய ஸ்காட்லாந்தின் பிக்ட் இனத்தைச் சேர்ந்த பெண். வடநாட்டுப் படையினரால் கொல்லப்பட்ட தன் காதலன் டில்லியனின் ஆவியை மீட்க, அவன் தலையைச் சுமந்துகொண்டு இறந்தோர் உலகம் செல்கிறாள். அவள் செவியில் ஓயாமல் பல குரல்கள் ஒலிக்கின்றன. மனிதத் தலை வடிவில் அமைந்து, இரு காதுகளின் இடத்திலும் ஒலிவாங்கி பொருத்தப்பட்ட கருவியால் அக்குரல்கள் பதிவுசெய்யப்பட்டன. காதணிபேசி அணிந்து விளையாடுபவருக்கு ஒரு குரல் பிடரியிலும் மற்றொன்று இடக்காதின் அருகிலும் கேட்கிறது. சில இகழ்கின்றன; சில ஊக்குகின்றன; சில ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

இவ்வொலியமைப்பைப் பலரும் பாராட்டியுள்ளனர். அதனினும் முதன்மையானது அக்குரல்களுக்கு விதியில் தரப்பட்ட இடம். திரையில் உயிர்ப்பட்டை இல்லை. வழிகாட்டும் குறிப்புகளும் இல்லை. போரில் பின்னாலிருந்து பகைவன் வாள் ஓங்கும்போது எச்சரிப்பது அக்குரல்களே. அவற்றைப் புறக்கணித்தால் தோல்வி. முழுதும் நம்பினால் மனச்சோர்வு. எதனைக் கேட்பது, எதனை விடுவது என்று விளையாடுபவர் மெல்லக் கற்கிறார். நோயை ஒழித்தல் இங்கு இலக்கன்று. நோயோடு வாழப் பழகுதலே விளையாடும் திறனாகிறது. தொடக்கத்தில் ஒரு குரல் விளையாடுபவரை நோக்கிப் பேசி, அவரையும் செனுவாவின் மனத்துள் உறைவோருள் ஒருவராக வரவேற்பது இவ்வகையில் கருதத்தக்கது. புறத்தே நின்று காண்பவர் என்னும் இடம் அங்கேயே மறுக்கப்படுகிறது.

பொய்யும் நம்பிக்கையும்

செனுவாவின் கையில் கரிய அழுகல் ஒன்று படர்கிறது. தோல்வியுறும்போதெல்லாம் அது வளரும் என்றும், தலையை எட்டினால் அதுவரை பெற்ற முன்னேற்றம் முழுதும் அழியும் என்றும் விளையாட்டு தொடக்கத்திலேயே எச்சரிக்கிறது. உண்மையில் அவ்வாறு அழிவதில்லை. வெளியான சில நாள்களிலேயே விளையாடியவர்களின் சோதனைகள் இதனை வெளிப்படுத்தின.

இது ஏமாற்று என்று குறை கூறியோர் உண்டு. ஆனால் இங்கு நிகழ்வதைக் கூர்ந்து நோக்க வேண்டும். உண்மையல்லாத ஒன்றை விளையாடுபவர் நம்புகிறார். கையில் படர்ந்த கருமையைத் தம் கண்ணாலேயே காண்பதால் ஐயுறுவதில்லை. அந்நம்பிக்கைக்கேற்ப ஒவ்வோர் அடியையும் அஞ்சி எடுத்துவைக்கிறார். நம்புபவருக்குப் பொய்நம்பிக்கை முழு உண்மையாகவே இருக்கும் என்பதைச் சொற்களால் விளக்குவது கடினம். விளையாட்டு அதனை விளையாடுபவரின் நடத்தையிலேயே நிகழ்த்திக் காட்டுகிறது. அச்சத்தோடு நாள்தோறும் போராடும் ஒருவருக்கு இது தாங்கொணாத சுமையாகலாம் என்பதும் உண்மையே. மனப்பிறழ்வுச் சித்திரிப்புக் குறித்துத் தொடக்கத்தில் எச்சரிக்கை தரப்பட்டிருந்தும், இக்குறிப்பிட்ட சுமையை அது ஈடுசெய்வதில்லை.

ஹெல்பிளேடின் வரம்புகள்

செனுவாவின் தந்தை அவள் நோயைச் சாபம் என்று கூறி அடைத்துவைத்தவர்; அதே நோயுற்றிருந்த அவள் தாயை எரித்துக் கொன்றவர். டில்லியனோ அவளை ஓர் ஆளாக மதித்தவன். நோயைவிட, நோயாளி நடத்தப்படும் முறையே கொடிய துன்பம் தருகிறது என்பதை இவ்விரு மாந்தரும் தெளிவாக்குகின்றனர். முடிவில் டில்லியன் மீளவில்லை, செனுவா அவன் தலையைக் கைவிட்டு இழப்பை ஏற்கிறாள், குரல்கள் மறைவதில்லை.

எனினும் மூன்று குறைகள் சுட்டத்தக்கன. ஒன்று, செனுவாவின் துன்பத்திற்குக் கொடுமைக்காரத் தந்தை என்னும் ஒற்றைக் காரணத்தை நோக்கியே கதை செல்கிறது. மனநோய் அனைத்திற்கும் இவ்வாறு ஒரு குற்றவாளி கிடைப்பதில்லை. அன்புமிக்க குடும்பங்களிலும் நோய் வருகிறது. இரண்டு, மரக்கிளையிலும் நிழலிலும் மறைந்துள்ள குறியெழுத்துகளைக் கண்டறிந்தால் கதவு திறக்கிறது. தொடர்பற்றவற்றில் தொடர்பு காணும் மனநிலை இவ்வாறு சிறப்பாற்றலாக மாறுகிறது. பித்தைத் தெய்வநிலையாகப் போற்றும் பழைய மரபுக்கு இது நெருக்கமானது. போற்றுதலும் நோயாளியை நம்மிடமிருந்து விலக்கிவைக்கும் ஒரு வழியே. மூன்று, கதை தொன்மக் காலத்தில் நிகழ்வதால் மருத்துவமனை, மாத்திரை, வேலையிழப்பு, அண்டைவீட்டார் ஆகிய அன்றாட உண்மைகள் இதில் இடம்பெறவில்லை.

சிறிய வடிவில் ஒரு மாற்று

2018 ஜனவரியில் வெளிவந்த செலஸ்ட் இக்குறைகளுக்கு ஓரளவு விடை தருகிறது. மேடலின் என்னும் இளம்பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். பதற்றமும் மனச்சோர்வும் அவளை வருத்துகின்றன. இதற்குத் தனியொரு குற்றவாளி இல்லை. அவளது அச்சமே அவள் உருவில் பிரிந்து வந்து துரத்துகிறது. பதற்றம் மிகும்போது மனத்தில் ஓர் இறகைக் கற்பனை செய்து மூச்சால் மிதக்கவிடும் பயிற்சியை ஒரு நண்பன் கற்றுத்தருகிறான். விளையாடுபவரே அம்மூச்சை இயக்க வேண்டும். பின்னொரு கட்டத்தில் அப்பயிற்சி பயன் தராமல் போகிறது. மூச்சுப்பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற எளிய ஆறுதலை இவ்விளையாட்டு தருவதில்லை.

மேடலின் தன் மறுவுருவை விரட்ட முயலும்வரை வீழ்கிறாள். அதனோடு பேசி இணங்கியபின் இருவரும் இணைகின்றனர். அதன்பின் வானில் ஒருமுறை மட்டுமே பாய முடிந்தவளால் இருமுறை பாய முடிகிறது. கதையின் கருத்து விதியாக மாறும் இடம் இதுவே. நோயோடு இணங்குதல் என்பதை விளையாடுபவர் தம் விரல்களால் உணர்கிறார்.

முடிவுரை

நோயின் அறிகுறிகளைத் துல்லியமாகக் காட்டுவதால் மட்டும் சித்திரிப்பு மதிப்புடையதாகிவிடாது என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. எடர்னல் டார்க்னெஸ் புலன்பிறழ்வைக் காட்டியது, நோயுற்றவரைக் காட்டவில்லை. அவுட்லாஸ்ட் நோயாளிகளுக்காக வருந்தியது. அவர்களைக் கண்டு ஓடவும் பழக்கியது. ஹெல்பிளேடும் செலஸ்டும் நோயுற்றவரின் இடத்தில் நம்மை நிறுத்தி, அங்கிருந்து செயல்படச் செய்தன. உண்மையும் மதிப்பும் கதையிலும் விதியிலும் ஒருங்கே அமையும்போதுதான் சித்திரிப்பு நிறைவுபெறுகிறது.

ஆனால் சில மணிநேரம் குரல்களைக் கேட்டவர், வாழ்நாளெல்லாம் கேட்பவரை அறிந்துகொண்டார் என்று கொள்ளலாகாது. காதணிபேசியைக் கழற்றும் உரிமை விளையாடுபவருக்கு உண்டு, நோயுற்றவருக்கு இல்லை. இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளும் விளையாட்டே மதிப்புடன் பேசத் தகுதி பெறுகிறது. அதனை நினைவிற்கொள்ளும் வாசகரே, வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரைப் பைத்தியம் என்று அழைக்கத் தயங்குவார். திறனாய்வு அத்தயக்கத்தை உண்டாக்குமானால் அதுவே போதிய பயனாகும்.