தபசு மரமும் தொலைக்காட்சித் திரையும்

2013இல் விஜய் தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கிய ‘மகாபாரதம்’ தொடரில் அருச்சுனனாகத் தோன்றியவர் ஷகீர் ஷேக். அவர் தோற்றம் அருச்சுனனுக்குப் பொருந்துமா என்றே இரசிகர் வாதிடுவர். பதுளைத் தோட்டங்கள் உள்ளிட்ட மலையகத்தின் கூத்து மரபை அறிந்தோர்க்கு இவ்வினா போதாது.

‘அருச்சுனன் தபசு’ கூத்தில் வீரன் பேரழகனாய் இருத்தல் வேண்டுவதன்று. உயர்ந்த தபசு மரத்தில் அவன் ஏறுதல் வேண்டும். பகலில் தேயிலை மலையில் உடனுழைத்த அயல் லயத்தவனே அவன் என்பதைக் களரியைச் சூழ்ந்தோர் அறிவர். அவன் கால் வழுக்கின் அவர் நெஞ்சமும் பதறும். எனவே, பாசுபதம் அவன் வருந்தி ஈட்டியதாகிறது. தொலைக்காட்சியிலோ கணினி வரைகலையின் ஒளியில் அவ்வருத்தம் மறைந்துவிடுகிறது. ஆகவே, தொடரின் குறை நடிகரின் முகத்தில் இல்லை. தவத்தை உணர்த்தாது வரத்தை மட்டும் காட்டியமையிலேயே உளது.