மணல் பதத்துக்குச் சற்று முன்னால்

வாதநாராயணன் தைலத்தை, கசடு மணல் போல் நறநறக்கும் மணல் பதத்துக்குச் சற்று முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். மேல்பூச்சு என்றால் மணல் பதம்தான் என்று சொல்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. ஏட்டு வைத்தியம் அவர்கள் பக்கம் இருக்கிறது. என் பக்கம் இருப்பவை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகள். இரவு தைலம் தேய்த்துவிட்ட கைதான் மறுநாள் காலை பட்டுப் பாவைத் தொட வேண்டும். முறுகவிட்ட எண்ணெய் கறுத்துத் தடித்து, அரப்புப் போட்டுக் குளித்தாலும் நகக்கண்ணில் நிற்கும். அந்த விரல் வெளிர் நிறப் பட்டில் பட்டால் பல நாள் உழைப்பு வீண்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் என் பெரியம்மா. அவர் காய்ச்சிய தைலத்துக்கு ஈடாக வேறு கையில் ஒன்றை நான் பார்த்ததில்லை. செக்கு நல்லெண்ணெய் மூன்று பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு, வாதநாராயணன் இலைச்சாறு நாலு பங்கு, ஒரு கைப்பிடி நொச்சி, தட்டிய பூண்டு, சுக்கு. இவ்வளவுதான் சரக்கு. விளக்கெண்ணெயை இதற்கு மேல் ஏற்ற விடமாட்டார். அது கனத்த எண்ணெய், தோலை விட்டு லேசில் இறங்காது. இலையைக் காம்போடு போட்டு அரைப்பவர்களைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. புளிய இலை போன்ற அந்தப் பொடி இலைகளை ஈர்க்கிலிருந்து உருவி, ஆட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்து அரைத்து, பழைய வேட்டித் துணியில் முறுக்கிப் பிழிவார். சாறு கரும்பச்சையாக, கொழகொழவென்று இறங்கும்.

அதற்கப்புறம்தான் காய்ச்சுவது. சாறு மிச்சமிருக்கும்வரை எண்ணெயின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். நீர் முழுக்க வற்றியதும் சரசரவென்று ஏறி, இலையைக் கருக்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கொஞ்ச நேரம்தான் தைலக்காரரின் கையைக் காட்டிக்கொடுக்கும். பெரியம்மா முதலில் காதால் பார்ப்பார். சடசடப்பு மெலிந்து, விட்டுவிட்டுக் கேட்கும். மேலே பெரிய கொப்புளங்கள் அடங்கி, பொடி நுரை பரவும். அப்போது கரண்டி நுனியில் கசடை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுவார். விரலில் ஒட்டாமல் திரியாகத் திரண்டு, ஆனால் இன்னும் மணல் போல் நறநறக்காமல், ஓரத்தில் ஒரு பச்சைச் சாயலும் மிச்சமிருக்க வேண்டும். அந்தத் திரியைத் தணலில் போட்டு, வெடிக்காமல் எரிகிறதா என்று பார்ப்பார். வெடித்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது, சில வாரங்களில் தைலம் சிக்கு வாடை அடிக்கும். "எறக்குடா, மீதிய சட்டி பாத்துக்கும்" என்பார். அவர் வாதமே அந்த ஒரு வரிதான். இரும்புச் சட்டி அடுப்பைவிட்டு இறங்கிய பிறகும் சூட்டை விடாது. அடுப்பிலேயே மணல் பதம் பார்த்தவர் தரையில் வைக்கும்போது அதைத் தாண்டிப் போயிருப்பார்.

பச்சைக் கற்பூரம் கடைசியில், விரல் பொறுக்கும் சூட்டில், நுணுக்கிப் போட்டு மூட வேண்டும். கொதிக்கிற எண்ணெயில் போட்டால் வாசனை கூரைக்குப் போய்விடும், தீப்பிடிக்கவும் வழியுண்டு.

இந்த ஊருக்கு இப்படி ஒரு தைலம் வேண்டியிருந்தது. குழித்தறியில் கால் பள்ளத்துக்குள் மிதியில், இடுப்பு அசையாமல், தோள் மட்டும் நாள் முழுக்க நாடாவோடு போய் வரும். கோர்வைப் புடவை என்றால் மூன்று நாடா, பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர். கரையும் உடலும் சேருமிடத்தில் ஒவ்வொரு இழைக்கும் நிதானிக்க வேண்டும். வலி முதலில் பிடரியிலும் தோள்பட்டைக்கு உள்புறத்திலும் பிடிக்கும், அப்புறம் கெண்டைக்காலில் இறங்கும். சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்ரீபாதம் தாங்கிகளுக்கு வேறு வகை நோவு. வைகாசி கருடசேவையன்று வரதராஜப் பெருமாளைச் சுமந்து கங்கைகொண்டான் மண்டபம் வரை வந்து திரும்பும் தோள்களில் தண்டு அழுந்திய இடம் காய்த்தே போயிருக்கும். அவர்களுக்கு விளக்கெண்ணெய் கூடுதலாகச் சேர்ந்த, கனத்த தைலம்தான் ஒத்துவரும். பட்டைத் தொடாத கைக்கு அது சரி.

பூண்டும் ஆமணக்கும் சேர்வது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை திருமுக்கூடலுக்குப் போய் வர வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. அங்கே இருப்பு வைத்திருந்த மருந்துகளின் பட்டியலில் லசுநாத்யேரண்ட தைலமும் உண்டு. பூண்டையும் ஆமணக்கெண்ணெயையும் கொண்ட தைலம். பெரியம்மா அந்தக் கல்வெட்டைப் பார்த்தவரில்லை, ஆனால் அவர் சட்டியில் இருந்த ஜோடி அதுவேதான்.

கேரளத்துத் தைலங்களை விரும்புகிற நண்பர்கள் எனக்கு உண்டு. கொட்டஞ்சுக்காதி, தன்வந்தரம் எல்லாம் நல்ல சரக்குகள். சுளுக்குக்கு முறிவெண்ணெயை நானே சொல்வேன். ஆனால் அன்றாட உழைப்பின் அசதிக்கு, நம் வேலியோரத்து இலையை நம் செக்கு எண்ணெயில் காய்ச்சியதே எனக்கு மேல். ஊமத்தை, எருக்கு சேர்க்கிற மரபோடு எனக்கு உடன்பாடில்லை. ஊமத்தையின் நஞ்சு தோல் வழியாகவும் உள்ளே போகக்கூடியது. வைத்தியர் மேற்பார்வையில்லாத வீட்டு அடுப்பில் அதற்கு என்ன வேலை? சில்லென்று இழுக்கும் களிம்புகளைப் பற்றி ஒன்றே ஒன்று: அந்தக் குளிர்ச்சி மென்தால் நரம்புக்குக் காட்டுகிற போக்கு. அது அடங்கியதும் இறுக்கம் அப்படியே இருக்கும். தைலம் சூடான உள்ளங்கையோடு மேலிருந்து கீழாகப் போக வேண்டும், பிறகு நொச்சி போட்ட வெந்நீர். தசை அப்போதுதான் பிடியை விடும். வீக்கமோ மரத்துப் போதலோ இருந்தால் எந்தத் தைலமும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். புண்ணின் மேலும் தடவக் கூடாது.

இப்போது கடைகளில் கிடைப்பது மனதை நோகடிக்கிறது. அண்மையில் ஒரு கடையில் வாதநாராயணன் தைலம் என்று வாங்கியது கண்ணாடிப் பச்சையாக இருந்தது. சாறு வற்றக் காய்ச்சிய எண்ணெய் பழுப்போடிய பச்சையாகத்தான் இருக்கும். மூடியைத் திறந்தால் மென்தால் வாடை, அதன் அடியில் இலையின் வாசனையே இல்லை. வீட்டில் காய்ச்சுபவர்களும் காய்ந்த இலைப்பொடியை எண்ணெயில் கொட்டிக் கேஸ் அடுப்பில் பெருந்தீ வைத்து, கால் மணியில் முடித்துவிடுகிறார்கள். சாறு இல்லாத இடத்தில் வற்றுவதற்கு என்ன இருக்கிறது, பதம் பார்க்கத்தான் என்ன இருக்கிறது?

மரமும் குறைந்துவிட்டது. வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும், நீண்ட மகரந்தத் தாள்கள் தொங்கும் அந்தப் பூவை முன்பு ஊர்ப்புற வேலிகளில் எங்கும் பார்க்கலாம். அந்த வேலிகள் இருந்த இடத்தில் இன்று மதில்சுவர்கள் நிற்கின்றன. வாதநாராயணன் போத்து வைத்தாலே வருகிற மரம், பெரிய கவனிப்பு கேட்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், வீட்டுப் பின்புறத்தில் ஒரு முழ இடம் இருப்பவர்கள் ஒரு போத்து நட்டு வையுங்கள். இலை தேவைப்படுகிற தறிக்காரர் யாராவது தெருவில் இருந்தால் பறித்துக்கொள்ள விடுங்கள்.