பத்மினிக்கு எந்த பேட்டரி?

மும்பையில் பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு விடைபெற்றன. கடைசி டாக்ஸி 2003-ல் பதிவானது. 20 வருட வயது வரம்பு முடிந்துவிட்டது. ஆனால் சொந்த வண்டியாக வைத்துப் பராமரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் பிறந்த கார் இது. முதலில் ஃபியட் 1100, எழுபதுகளில் இருந்து பத்மினி, பலர் வாயில் இன்றைக்கும் ஃபியட்தான். அதே குர்லா சி.எஸ்.டி. ரோடு கடைகளில் இதற்கு பேட்டரி தேடுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கடையில் முதலில் பேச்சு வருவது ஆம்பியர் பற்றி. "பெருசா ஒண்ணு போட்டுடுங்க சார், செல்ஃப் கணீர்னு எடுக்கும்" என்பார்கள். 1089 சிசி இன்ஜினைச் சுழற்ற அவ்வளவு பெரிய பேட்டரி தேவையே இல்லை. அட்டையில் பெருமையாக அச்சிட்டிருக்கும் சி.சி.ஏ. (குளிரில் இன்ஜினைச் சுழற்றத் தரும் ஆம்பியர்) எண்ணும் மைனஸ் 18 டிகிரி குளிரில் அளந்தது. மும்பைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வண்டியில் இருப்பது டைனமோவா, ஆல்டர்நேட்டரா என்பதை. பழைய ஃபியட்டுகளில் டைனமோ. பிந்தைய பத்மினிகளில் ஆல்டர்நேட்டர்.

டைனமோ வண்டியில் மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினலில் வைத்துப் பாருங்கள். ஐட்லிங்கில், ஹெட்லைட் எரியும்போது, முள் 12 வோல்ட் பக்கமே தயங்கி நிற்கும், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் 13-ஐத் தாண்டி ஏறும். மழைக்கால மாலையில் எல்.பி.எஸ். மார்க் நெரிசலில் வைப்பரும் விளக்கும் போட்டு ஊர்ந்தால், பேட்டரியிலிருந்து எடுப்பதுதான் அதிகம், திரும்பிப் போவது குறைவு. பெரிய பேட்டரி போட்டால் இறங்கக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். இறங்கியதை ஏற்றிக் கொடுக்க வேண்டியது அதே சின்ன டைனமோதான். பாதி சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரி சீக்கிரம் போய்விடும்.

மூடி சீல் வைத்த மெயின்டனன்ஸ் ஃப்ரீ ரகம் நல்ல பொருள், மறுக்கவில்லை. ஆனால் அதன் கால்சியம் தகடுகள் நிறைய வேண்டுமானால் 14 வோல்ட்டுக்கு மேல் சீரான சார்ஜ் வேண்டும். பழைய ரெகுலேட்டர் ஒரு நாள் குறைத்துக் கொடுக்கும், ஒரு நாள் 15-ஐத் தாண்டிக் கொதிக்க வைக்கும். மூடி திறக்கும் பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிச் சமாளிக்கலாம். சீல் வைத்ததில் வழியில்லை. அதனால் டைனமோ வண்டிக்கு என் தேர்வு, தயாரிப்பாளர் சொன்ன அதே கொள்ளளவில், தண்ணீர் ஊற்றும் ரகம். ஆல்டர்நேட்டர் வண்டியில் இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நிலையாக நின்றால் மெயின்டனன்ஸ் ஃப்ரீ வாங்கலாம், தாராளமாக. லித்தியம் பக்கம் போகவே வேண்டாம்.

வாங்கும்போது மேலே இருக்கும் எழுத்தையும் படியுங்கள். 38B20L என்று இருந்தால் 20 என்பது சென்டிமீட்டரில் நீளம்; கடைசி எழுத்து L, R என்பது டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது. மாறிப் போனால் வயர் எட்டாது. இழுத்து மாட்டினால் எங்கேயாவது உரசும். ஒல்லி டெர்மினலில் பெரிய கிளாம்ப்பை மாட்டித் தகரம் சொருகி இறுக்கும் வேலையை அனுமதிக்காதீர்கள். ஈய வளையம் கிடைக்கும், அதைக் கேளுங்கள். தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். பழைய ஸ்டாக் அலமாரியிலேயே தன்னால் இறங்கியிருக்கும்: கடையிலேயே மீட்டர் வைத்து 12.6 காட்டாவிட்டால் வேறொன்று எடுக்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டி என்றால் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் போடுங்கள். நிறுத்தும்போது திருகிவிட்டால் போதும், கம்ப்யூட்டர் இல்லாத வண்டி என்பதால் எதுவும் மறந்து போகாது. கடற்காற்றில் பச்சை பூக்காமல் டெர்மினலுக்கு வாசலின் தடவுங்கள், கிளாம்ப்பை இறுக்கிய பிறகு.